காரமும் வயிறும்: மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

கடலூர் திருப்பாப்புலியூர்ல ஒரு மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர்ல நிக்கிற ஆளு நான், பார்மசி படிச்சவன், டாக்டர் இல்ல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆச்சுன்னா கேஸ் மாத்திரையும் ரோஸ் கலர் சிரப்பும் தான் எங்க கடையில ஓடும், வாங்க வர்றவங்கள்ல முக்காவாசி பேரு "கொழம்புல காரம் தூக்கலா போச்சுப்பா"ன்னு தான் ஆரம்பிப்பாங்க, அப்புறம் ஒரு கேள்வி கேப்பாங்க. ஆளு தான் மாறுது, கேள்வி மாற மாட்டேங்குது. அதனால எல்லாத்தையும் கேட்டவங்க வார்த்தையிலயே ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன், வரிசையா படிச்சா தான் பின்னாடி வர்றது புரியும்.

அண்ணே, மிளகா சாப்ட்டா வயிறு உள்ள நெஜமாவே வெந்து போவுதா?

இல்ல. மிளகாயில இருக்குற கேப்சைசின் எதையும் சுடாது, அரிக்காது, அது ஆசிட்டும் கெடையாது. நாக்குல ஆரம்பிச்சு தொண்டை, உணவுக்குழாய், வயிறு, குடல், கடைசியில ஆசன வாய் வரைக்கும் நரம்பு நுனியில டிஆர்பிவி1னு ஒரு ரிசெப்டர் இருக்கு. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடு போனா "சுடுது"ன்னு மூளைக்கு சொல்றது தான் அதோட வேலை. கேப்சைசின் போயி அதே ரிசெப்டர்ல ஒட்டிக்கிட்டு சூடே இல்லாம அத தொறந்து விட்டுடுது. நெருப்பே இல்லாம யாரோ ஃபயர் சர்வீஸுக்கு போன் போட்ட மாதிரி தான் இது, ஆனா வண்டி மட்டும் நெஜமாவே வந்துடும். வேர்வை, கண்ணுல தண்ணி, மூக்கொழுகல், வயித்து சுவத்துல ரத்த ஓட்டம் அதிகமாவுறது எல்லாம் அந்த வண்டி தான்.

அமெரிக்காவுல டேவிட் ஜூலியஸ் குழு 1997ல இந்த ரிசெப்டர அடையாளம் காட்டினாங்க, 2021ல அவருக்கும் ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கும் சேத்து நோபல் பரிசு குடுத்தாங்க. இன்னொரு விஷயம், இத மறந்துடாதீங்க பின்னாடி தேவைப்படும்: மிளகா, சூடு, ஆசிட் மூணுமே இதே ரிசெப்டர தான் தூண்டும், ஒண்ணு ஏற்கனவே தூண்டிக்கிட்டு இருந்தா இன்னொண்ணு கொஞ்சமா வந்தாலே போதும். அடுப்புலேர்ந்து எறக்கின சூட்டோட ஊத்திக்கிட்ட கொழம்பு எரியிற எரிச்சல் அதே கொழம்பு ஆறின பொறவு இருக்காது. (பறவைங்களுக்கு இந்த ரிசெப்டர் கேப்சைசினுக்கு அசையாது, அதான் கிளி பச்ச மிளகாவ சாவகாசமா கொறிச்சுக்கிட்டு இருக்கு.)

ஹார்மோன்னா தைராய்டு, சுகர் அதான தெரியும், வயித்துக்கு ஏதுங்க ஹார்மோன்?

நெறைய இருக்கு. சொல்லப்போனா ஹார்மோன்னு முதல் முதலா கண்டுபிடிச்சதே குடல்லேர்ந்து தான், 1902ல லண்டன்ல பேலிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு பேரு கண்டுபிடிச்ச செக்ரெட்டின். மூணு வருஷம் கழிச்சு 1905ல எட்கின்ஸ்ங்கிறவர் வயித்துலேர்ந்து கேஸ்ட்ரின்னு ஒண்ண சொன்னாரு.

நமக்கு தேவையானது மட்டும் சொல்றேன். வயித்தோட அடிப்பக்கத்துல இருக்குற ஜி செல்லுங்க கேஸ்ட்ரின் விடும், அது ஹிஸ்டமின கெளப்பி விடும், ஹிஸ்டமின் ஆசிட்ட கெளப்பும், இது ஆக்சிலேட்டர். அதுக்கு பக்கத்துலயே டி செல்லுங்க சொமட்டோஸ்டேட்டின் விடும், இது பிரேக். வயித்தோட மேல்பக்கம் கிரெலின், பசிய கெளப்புறது, ஜப்பான்ல 1999ல கண்டுபிடிச்சாங்க. உடம்பு கொறைக்க வயித்த வெட்டி சின்னதாக்குற ஆபரேஷன்ல இந்த மேல்பக்கம் தான் போயிடுது, அதனால அவங்களுக்கு கிரெலின் எறங்கிடுது. இத தாண்டி குடல்லேர்ந்து சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய்னு வரும், மூணும் "போதும்பா"ன்னு சொல்ற கோஷ்டி.

காரம் சாப்ட்டா ஆசிட் அதிகமா சுரக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, உண்மையா?

இந்த ஒரு கேள்விக்கு தான் நான் அதிகமா வாய் வலிக்க பதில் சொல்லியிருப்பேன். கேப்சைசின் நரம்ப தூண்டினதும் அந்த நரம்பு நுனி சிஜிஆர்பின்னு ஒரு பொருள விடுது. அது ரெண்டு வேலை பாக்கும், ஒண்ணு ரத்தக்கொழாய விரிச்சு வயித்து சுவத்துக்கு ரத்தம் அதிகமா கொண்டாந்து குடுக்கும், ரெண்டாவது மேல சொன்ன பிரேக் ஹார்மோன் சொமட்டோஸ்டேட்டின வெளிய விட வைக்கும். பிரேக் அழுத்தினா கேஸ்ட்ரினும் அடங்கும் ஆசிட்டும் அடங்கும். ஹங்கேரியில மோஜிக்ங்கிறவர் குழு மனுஷங்களுக்கே ரொம்ப சின்ன அளவு, அதாவது மில்லிகிராமுக்கும் கீழ, கேப்சைசின் குடுத்து பாத்து ஆசிட் கொறையுதுன்னு தான் சொன்னாங்க. ஊரே சொல்றதுக்கு நேர் எதிர்.

ஆனா இத கேட்டுட்டு நாளைக்கு ஆந்திரா மிளகாவ அள்ளி போடாதீங்க, அளவு பெருசானா கதை மாறும். 1987ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல மிளகாப்பொடியையும் மிளகுப்பொடியையும் நேரா வயித்துக்குள்ள விட்டு பாத்தப்ப ஆசிட்டும் ஏறுச்சு, வயித்து உள்தோல்லேர்ந்து செல்லுங்களும் வழக்கத்த விட அதிகமா உதிர்ந்துச்சு. அடுத்த வருஷம் 1988ல அதே ஊர் குழு காரமான சாப்பாடு குடுத்து எண்டோஸ்கோப்பி வெச்சு பாத்தாங்க, கண்ணுக்கு தெரியிற புண்ணு ஒண்ணும் இல்ல. நான் புரிஞ்சுக்கிட்டது இது தான்: சோத்தோட கலந்து கொழம்புல போற காரம் வேற, வெறும் வயித்துல பொடியா கொட்டுறது வேற. செல் உதிர்றதும் வயித்துக்கு புதுசு இல்ல, அந்த உள்தோலு சில நாளைக்கு ஒரு தடவ முழுசா புதுசாகிக்கிட்டே தான் இருக்கு.

காரமா இருந்தா இன்னும் ஒரு கரண்டி சோறு எறங்குது, அப்ப பசி ஹார்மோன் ஏறுதுன்னு தான அர்த்தம்?

கிரெலின் ஏறல. நெதர்லாந்து மாஸ்ட்ரிக்ட்ல 2009ல வெளியான ஒரு ஆராய்ச்சியில கேப்சைசின் கலந்த மதிய சாப்பாடு குடுத்து ரத்தம் எடுத்து பாத்தாங்க, சாப்ட்ட 15 நிமிஷத்துல ஜிஎல்பி-1 கொஞ்சம் ஏறுச்சு, கிரெலின் எறங்குற பக்கம் தான் போச்சு. பிஒய்ஒய் அசையல. அதுல வேடிக்கை என்னன்னா சாப்ட்டவங்கள கேட்டா "வயிறு நெறஞ்சிருக்கு"ன்னு தனியா எதுவும் சொல்லல, காரமில்லாத சாப்பாட்டுக்கு சொன்னத தான் சொன்னாங்க.

அப்ப ஏன் சோறு அதிகமா போவுது? எச்சில் நல்லா ஊறும், காரத்த தணிக்க வெறும் சோத்த சேத்து பெசைவோம், அதோட சுதும்பு கருவாட்டு கொழம்பு ருசின்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு ஹார்மோன் எதுக்கு.

யூடியூப்ல மிளகாத்தண்ணி குடிச்சா எடை கொறையும், ஜிஎல்பி-1 ஏறும், ஊசி போட்ட மாதிரின்னு சொல்றாங்க, குடிக்கலாமாக்கா?

(இத கேட்டது எங்க கடைக்கு வர்ற பொண்ணு, எங்கூட வேலை பாக்குற அக்காவ கேட்டுச்சு, அவங்க என்னைய காட்டி விட்டுட்டாங்க.) வேணாம்மா. உடம்புல தானா வர்ற ஜிஎல்பி-1 ரத்தத்துல ஒரு ரெண்டு நிமிஷத்துல பாதி அழிஞ்சு போயிடும், இப்ப பேசுறாங்களே, எடை கொறைக்க போடுற செமாகுளுடைட் ஊசி, அத ஒரு வாரம் தாங்குற மாதிரி மாத்தி செஞ்சிருக்காங்க, அதனால தான் வாரத்துக்கு ஒரு ஊசி. முன்னாடி கேள்வியில சொன்ன 15 நிமிஷ ஏத்தத்தையும் அதையும் ஒரே தட்டுல வெக்கிறது ஏமாத்து வேலை.

மிளகா உடம்பு எரிக்கிற கலோரிய கொஞ்சம் ஏத்துதுங்கிறது உண்மை தான், ஆனா அது அவ்ளோ சின்னது, தேவனாம்பட்டினம் பீச்சுல வாங்குற ஒரு மிளகா பஜ்ஜிக்கே பத்தாது. வெறும் வயித்துல மிளகாத்தண்ணி குடிச்சு வயித்த புடிச்சுக்கிட்டு மறுபடி எங்க கடைக்கு தான் வரணும்.

எனக்கு அல்சர் வந்ததே மீன் கொழம்பு காரத்தால தான் தம்பி, நீ என்ன சொல்ற?

ஐயா, அல்சர் வர்றதுக்கு ரெண்டு பெரிய காரணம், ஒண்ணு எச். பைலோரிங்கிற கிருமி, இன்னொண்ணு வலி மாத்திரை. கிருமிய ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல், ராபின் வாரன் ரெண்டு பேரும் கண்டுபிடிச்சாங்க, யாரும் நம்பலன்னு 1984ல மார்ஷல் அந்த கிருமிய தானே குடிச்சு வயித்து உள்தோல்ல அழற்சி வர வெச்சுக்கிட்டாரு, 2005ல நோபல் கெடச்சுது. இதுலயும் ஹார்மோன் தான் விளையாடுது: வயித்தோட அடிப்பக்கம் இந்த கிருமி உக்காந்தா அங்க சொமட்டோஸ்டேட்டின் கொறஞ்சு போவுது, பிரேக் போன வண்டி, கேஸ்ட்ரின் ஏறுது, ஆசிட் ஏறுது, சிறுகுடல் ஆரம்பத்துல புண்ணு வருது. அதாவது மிளகா எந்த பிரேக்க அழுத்துதோ அந்த பிரேக்க இந்த கிருமி புடுங்கி போடுது.

டெல்லியில 1984ல ஒரு டாக்டர் குழு சிறுகுடல் புண்ணு இருக்குறவங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பிரிவுக்கு தெனம் 3 கிராம் மிளகாப்பொடி சேத்து சாப்ட சொன்னாங்க, நாலு வாரம் கழிச்சு பாத்தா ரெண்டு பிரிவுக்கும் புண்ணு ஒரே மாதிரி தான் ஆறியிருந்துச்சு. சிங்கப்பூர்லயும் அல்சர் உள்ளவங்க மத்தவங்கள விட கொறச்சலா தான் மிளகா சாப்ட்டிருந்தாங்க. ஆனா புண்ணு இருக்குறப்ப காரம் பட்டா வலிக்கும், அது வேற. புண்ண உண்டாக்குனது காரம் இல்ல, புண்ணு இருக்குன்னு காட்டிக்குடுத்தது காரம். அதனால காரத்த மட்டும் நிறுத்திட்டு ஒக்காந்திருக்காதீங்க, கிருமி டெஸ்ட் எடுங்க, இருந்தா ஆன்டிபயாட்டிக் கோர்ஸ முழுசா போட்டு முடிங்க, நாலு நாள்ல வலி நின்னுச்சுன்னு பாதியில விட்டுட்டு வர்றவங்க தான் அதிகம்.

அப்படின்னா எனக்கு ஏன் சார் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு எரியுது, எதுக்களிக்குது?

நெஞ்சு எரியிற எடம் வயிறே இல்ல, உணவுக்குழாய். வயித்துக்கும் அதுக்கும் நடுவுல இருக்குற வால்வு லூசா இருந்தா ஆசிட் மேல ஏறும், அங்க வயித்துல இருக்குற மாதிரி கெட்டியான சளிப்படலம் பாதுகாப்புக்கு கெடையாது. முதல் பதில்ல ஆசிட்டும் மிளகாவும் ஒரே ரிசெப்டர தூண்டும்னு சொன்னேன்ல, ஏற்கனவே ஆசிட் பட்டு செவந்து போயிருக்குற எடத்துல காரம் எறங்குனா கொஞ்சத்துக்கே பத்தி எரியும். ஆசிட் ஏறாமயே கூட எரியும்.

இன்னொரு பக்கம் எண்ணெய். கொழுப்பு குடலுக்கு போனதும் சிசிகே வரும், அது வயித்த "மெதுவா காலி பண்ணு"ன்னு நிறுத்தி வைக்கும், வால்வையும் தளர்த்தும். நம்ம ஊர்ல காரம் தனியா வர்றதில்லையே, பஜ்ஜியா வரும், மெதக்க மெதக்க எண்ணெய் விட்ட கொழம்பா வரும், ராத்திரி பத்தரைக்கு புரோட்டாவுக்கு ஊத்துற சால்னாவா வரும், சாப்ட்டு கை கழுவுன கையோட படுத்துடுவோம். பழி மட்டும் மிளகாவுக்கு. ஒரு வாரம் அதே காரத்த ஏழரை மணிக்குள்ள சாப்ட்டு, படுக்க மூணு மணி நேரம் விட்டு பாருங்க. அப்பவும் எரிஞ்சா காரத்தையும் கொறைங்க, உங்க உடம்பு சொல்றத விட ஆராய்ச்சி பெருசு இல்ல.

இத கண்டிப்பா சொல்லியாகணும். நெஞ்சு எரிச்சலோட வேர்த்துக் கொட்டுது, இடது கை, தாடை, முதுகுன்னு வலி பரவுது, மூச்சு வாங்குதுன்னா கேஸ்னு நெனச்சு மாத்திரை கேட்டு கவுன்ட்டருக்கு வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு போயி ஈசிஜி எடுங்க. மலம் தார் மாதிரி கறுப்பா போறது, ரத்த வாந்தி, முழுங்க கஷ்டம், காரணமில்லாம எடை எறங்குறது, இதுக்கும் கவுன்ட்டருக்கு வராம ஆஸ்பத்திரிக்கு தான் போகணும்.

எங்க தாத்தா கடலுக்கு போறப்ப பழைய சோத்துக்கு நாலு பச்ச மிளகா கடிச்சாரு, எம்பது வயசு இருந்தாரு, அவருக்கு ஒண்ணும் ஆகலையே?

பழக்கம் தான் காரணம். கேப்சைசின் ரிசெப்டர தொறக்குறப்ப கால்சியம் உள்ள பாயும், அது அதிகமாக அதிகமாக ரிசெப்டரே மரத்து போயிடும், தொடர்ந்து சாப்டுறவங்களுக்கு அதே மிளகா கம்மியா எரியும். ஒடம்பு வலிக்கு தடவுற கேப்சைசின் கிரீம் வேலை செய்யிறதும் இதே வழியில தான், முதல்ல எரிய வெச்சு அப்புறம் நரம்ப அடக்கும்.

இத்தாலியில 2002ல அல்சர் இல்லாம சும்மா அஜீரணம், வயித்து வலின்னு இருந்தவங்களுக்கு தெனம் 2.5 கிராம் மிளகாப்பொடிய கேப்சூல்ல அடைச்சு சாப்பாட்டுக்கு முன்னாடி அஞ்சு வாரம் குடுத்தாங்க. ஆரம்பத்துல சிலருக்கு வலி ஏறுச்சு, போகப் போக மிளகா சாப்ட்டவங்களுக்கு தான் தொந்தரவு கொறஞ்சுது. மாசத்துக்கு ஒரு நாள் திடீர்னு ஏகத்துக்கும் காரம் சாப்டுறவங்களுக்கு தான் சிக்கல், தெனம் அளவா சாப்டுறவங்களுக்கு இல்லன்னு இதுலேர்ந்து எடுத்துக்கலாம். தாத்தா மாதிரி ஆளுங்க ஆறின பழைய சோறு, மோரு, காலாற நடை, வெயில்ல வேலைன்னு இருந்தாங்க, மிளகாவ மட்டும் பாத்து காப்பி அடிக்கக் கூடாது.

காரம் தாங்கலன்னா தண்ணியா, பாலா, சக்கரையா?

தண்ணி வேஸ்ட். கேப்சைசின் தண்ணியில கரையாது, எண்ணெயிலயும் சாராயத்துலயும் தான் கரையும், தண்ணி அத வாய் பூரா பரப்பி விடும். பால், தயிர், மோரு தான் சரி, அதுல இருக்குற கேசின் புரதம் கேப்சைசின புடிச்சு இழுத்துக்கிட்டு போயிடும். சக்கரையும் கொஞ்சம் ஒதவும்.

ஆனா வாய் எரிச்சலுக்கு பால் நல்லதுங்கிறத வெச்சு வயித்து ஆசிட்டுக்கும் பால் நல்லதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்த காலத்துல அல்சர்காரங்களுக்கு மணிக்கு ஒரு தடவ பால் குடுப்பாங்க. பால்ல இருக்குற புரதமும் கால்சியமும் கேஸ்ட்ரின கெளப்பும், குடிச்ச கொஞ்ச நேரம் சொகமா இருக்கும், அப்புறம் ஆசிட் திரும்ப ஏறும்.

பச்ச மிளகா, காஞ்ச மிளகா, மிளகு, இதுல வயித்துக்கு எது கெடுதல் இல்ல?

பச்சையும் காஞ்சதும் ஒரே பொருள் தான், காஞ்சதுல தண்ணி போயிட்டதால எடைக்கு எடை காரம் அதிகம். காரம் வெதையில இருக்குன்னு நெனச்சு வெதைய மட்டும் தட்டிட்டு போடுவாங்க, அது இருக்குறது வெதை ஒட்டிக்கிட்டு இருக்குற அந்த வெள்ளை நரம்புல, அத கீறி எடுத்தா தான் கொறையும். மிளகுல இருக்குற பைப்பரினும் அதே ரிசெப்டர தான் தொறக்குது, வேகம் கம்மி. மிளகு வயித்துக்கு அமிர்தம், மிளகா விஷம்னு பிரிக்கிற அளவுக்கு ரெண்டும் வேற வேற ஜாதி இல்ல, 1987 சோதனையில மிளகும் கூடவே தான் மாட்டுச்சுன்னு மேல பாத்தோம்.

போர்ச்சுகீசியர் மிளகாவ கொண்டாந்து எறக்குற வரைக்கும் நம்ம கொழம்புக்கு மிளகு தான் காரம். வடலூர் வள்ளலாரும் மிளகாவ கொறைச்சு மிளகு, சீரகத்த கூட்ட சொன்னவரு. காரத்த கொறைக்கணும்னு டாக்டர் சொன்னா எங்க வீட்லயும் அந்த வழி தான், மிளகு ரசத்துல மொதல்ல ஆரம்பிப்பாங்க.

பாண்டியில சரக்குக்கு காரமா சைடு டிஷ் தான் செட் ஆவுது, இதுல வயித்துக்கு என்ன பிரச்சனை மச்சான்?

பிரச்சனை சைடு டிஷ்ல இருந்து ஆரம்பிக்கல. ஆல்கஹால் பட்டா அந்த டிஆர்பிவி1 ரிசெப்டர் 43 டிகிரி வரைக்கும் காத்திருக்காது, 34 டிகிரி கிட்டயே தொறந்துக்கும். நம்ம ஒடம்பு சூடே 37. அதனால தான் பெக் உள்ள எறங்குறப்ப தொண்டை காந்துது, அதுக்கு மேல சில்லி சிக்கன் போனா கேக்கவே வேணாம்.

ஹார்மோன் பக்கம் பாத்தா பீரும் ஒயினும் தான் கேஸ்ட்ரினையும் ஆசிட்டையும் நல்லா ஏத்துதுங்க, விஸ்கி, ஜின் மாதிரி காய்ச்சி வடிச்சது அந்த மாதிரி ஏத்தல, ஜெர்மனியில சோதிச்சு பாத்திருக்காங்க. "பீரு தான மாப்ள, லைட்டு"ன்னு சொல்றவன் மறுநாள் புளிச்ச ஏப்பம் விடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். விஸ்கிக்கு நல்ல சர்டிபிகேட் குடுக்குறேன்னு நெனக்காதீங்க, அது ஆசிட்ட ஏத்தலன்னாலும் கலக்காம அடிச்சா வயித்து உள்தோல நேரா புண்ணாக்கும். மறுநாள் மண்டவலிக்கு வெறும் வயித்துல வலி மாத்திரை வேற. இவ்ளோவும் பண்ணிட்டு கவுன்ட்டர்ல வந்து "நேத்து காரம் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னு சொல்றவங்கள பாத்தா சிரிப்ப அடக்கிக்கிட்டு தான் மாத்திரை எடுத்து குடுப்பேன்.

மூட்டு வலிக்கு தெனம் மாத்திரை போடுறேன், காரம் சாப்ட்டா வயிறு கெடுமாப்பா?

காரத்த விட மாத்திரைய பாருங்கம்மா. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் புரோஸ்டாகிளாண்டின்ங்கிற பொருள நிறுத்தி தான் வலிய கொறைக்குது, வயித்து சளிப்படலத்த காப்பாத்துறதும் அதே பொருள் தான். சிங்கப்பூர்ல 1995ல 18 பேருக்கு 20 கிராம் மிளகாப்பொடி குடுத்து அரை மணி கழிச்சு 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் குடுத்து எண்டோஸ்கோப்பி பாத்தாங்க, மிளகா சாப்டாம வெறும் ஆஸ்பிரின் போட்டப்ப இருந்த காயத்த விட கொறச்சலா இருந்துச்சு. ஃபயர் வண்டி முன்னாடியே வந்து நின்னதால வந்த லாபம் அது.

அதுக்காக மாத்திரைக்கு தொணையா மிளகாப்பொடி சாப்ட சொல்லல, 20 கிராம்னா எவ்ளோன்னு அஞ்சறைப்பெட்டிய தொறந்து பாருங்க. தெனம் வலி மாத்திரை தேவைன்னா வயித்துக்கும் சேத்து டாக்டர் எழுதி குடுக்கணும், கடையில கேட்டு வாங்கி வருஷக்கணக்கா போடுற விஷயம் இல்ல.

கேஸ் மாத்திரைய போட்டுக்கிட்டு எவ்ளோ காரம் வேணா சாப்டலாம்ல?

பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் எல்லாம் ஆசிட் பம்ப அடைக்கிற மாத்திரை, ரிசெப்டர தொடாது. அதனால கேப்சைசினால வர்ற எரிச்சல் மாத்திரை போட்டாலும் இருக்கும். சாப்டுறதுக்கு அரை மணி முன்னாடி போட்டா தான் அதுவே ஒழுங்கா வேலை செய்யும், கறி சோறு சாப்ட்டு முடிச்சு எரிய ஆரம்பிச்ச பொறவு ஓடி வந்து வாங்கி போடுறதுல அன்னைக்கு பெருசா பலன் இல்ல.

இதுல தான் ஹார்மோன் ஒரு வேலை காட்டுது. ஆசிட் இல்லன்னு தெரிஞ்சதும் வயிறு கேஸ்ட்ரின ஏத்திக்கிட்டே போவும், ஆக்சிலேட்டர் அழுத்தி புடிச்ச மாதிரி நிக்கும், பம்ப் அடைச்சிருக்குறதால வெளிய தெரியாது. பல வாரம் போட்டுட்டு திடீர்னு நிறுத்துனா அந்த கேஸ்ட்ரின் எல்லாம் சேந்து ஆசிட்ட கொட்டும். டென்மார்க்ல 2009ல எந்த வயித்து தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமான ஆளுங்களுக்கு எட்டு வாரம் குடுத்து நிறுத்தினாங்க, அதுக்கப்புறம் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் மாதிரி தொந்தரவு வந்துச்சு, டம்மி மாத்திரை போட்டவங்களுக்கு 15 சதவீதம் தான். நிறுத்தின வாரம் ரசம் சாதம் சாப்ட்டாலே எரியும், "பாத்தியா, காரம் எனக்கு ஒத்துக்கல"ன்னு மறுபடி மாத்திரைக்கு போயிடுவாங்க. ரொம்ப நாளா போடுறவங்க டாக்டர் கிட்ட கேட்டு படிப்படியா எறக்குங்க.

வெக்கத்த விட்டு கேக்குறேன், மறுநாள் காலைல பாத்ரூம்ல எரியுதே, மூலம் வந்துடுமா?

அங்கயும் அதே ரிசெப்டர் இருக்கு, கேப்சைசின்ல ஒரு பங்கு ஒறிஞ்சப்படாம கடைசி வரைக்கும் வருது, அவ்ளோ தான். மூலத்துக்கு மலச்சிக்கல், முக்குறது, தண்ணி கொறச்சலா குடிக்கிறது தான் காரணம், இத்தாலியில 2006ல மூலம் உள்ளவங்களுக்கு மிளகா குடுத்து பாத்து பெருசா வித்தியாசம் இல்லன்னு சொல்லிட்டாங்க. ஆசன வாய் வெடிப்பு வேற, அது இருந்தா மிளகா வலிய ஏத்துது, நம்ம நாட்டுலயே 2008ல பாத்திருக்காங்க, வெடிப்பு ஆறுற வரைக்கும் காரத்த விட்டுடுங்க.

மாசமா இருக்கேன்கா, காரம் சாப்ட்டா கொழந்தைக்கு சூடு ஏறுமா?

ஏறாதும்மா. மாசமா இருக்குறப்ப புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் ஏறுறதால உணவுக்குழாய்க்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற அந்த வால்வு தளரும், கொழந்த வளர வளர வயித்த மேல தள்ளும், அதனால தான் நெஞ்சு எரியுது. கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவையா சாப்டு, ராத்திரி தலைய ஒசத்தி படு, மாத்திரை வேணும்னா செக்கப்ல கேட்டு தான்.

சுகர் இருக்கு, மிளகா சாப்ட்டா இன்சுலின் கூடும்னு ஒருத்தர் சொன்னாரு, கொறையும்னு இன்னொருத்தர் சொன்னாரு, எது சரி?

ஆஸ்திரேலியாவுல 2006ல நாலு வாரம் தெனம் 30 கிராம் மிளகா கலவை சாப்ட வெச்சு பாத்தாங்க, சாப்ட்ட பொறவு ஏறுற இன்சுலின் மிளகா பழகினவங்களுக்கு கொறச்சலா ஏறுச்சு. அதுல கலந்துக்கிட்டவங்க சுகர் பேஷன்ட் இல்லங்கிறத கவனிங்க. உங்க தட்டுல மிளகா எவ்ளோங்கிறத விட சோறு எவ்ளோங்கிறது தான் கணக்கு.

சுகர் ரொம்ப வருஷமா இருக்குறவங்களுக்கு வயித்து நரம்பு கெட்டு சாப்பாடு வயித்துலயே தங்கும், உப்புசம், ரெண்டு வாய் சாப்ட்டாலே நெறஞ்ச மாதிரி இருக்கும். அத காரத்து மேல போட்டுட்டு விட்டுடாதீங்க, டாக்டர் கிட்ட தனியா சொல்லுங்க.

காரத்த நாக்குல படாம கேப்சூல்ல போட்டு முழுங்கினா அதே ஹார்மோன் வேலை வயித்துல நடக்குமா?

இந்த கேள்வி கேட்டது பார்மசி படிக்கிற ஒரு தம்பி, பாண்டிலேர்ந்து வர்றான், நல்ல கேள்வி. 2005ல மாஸ்ட்ரிக்ட்லயே இத பண்ணியிருக்காங்க, தக்காளி ஜூஸ்ல மிளகா கலந்து ஒரு தடவ, அதே மிளகாவ கேப்சூல்ல அடைச்சு ஒரு தடவ. ரெண்டுலயும் அப்புறம் சாப்டுறது கொறஞ்சுது, ஆனா வாயில காரம் பட்டப்ப இன்னும் அதிகமா கொறஞ்சுது. அப்ப வயித்து நரம்பு மட்டும் இல்ல, நாக்கோட பங்கும் இருக்கு.

அப்புறம் 2016ல அதே ஊர்ல வாயையும் வயித்தையும் ரெண்டையும் தாண்டி டியூப் வழியா நேரா சிறுகுடல்ல கேப்சைசின விட்டாங்க. வயிறு நெறஞ்ச உணர்வு வந்துச்சு. ரத்தத்துல ஜிஎல்பி-1, பிஒய்ஒய் எடுத்து பாத்தா ரெண்டும் ஏறல. வயித்துல எரிச்சல், வலி, கொமட்டல் யாருக்கு அதிகமோ அவங்களுக்கு தான் "போதும்"ங்கிற உணர்வும் அதிகம், அதாவது வயிறு நெறையல, வயிறு ஒத்துக்காம போனதுல சாப்பாடு வேணாம்னு தோணுது. ஆன்லைன்ல கேப்சைசின் கேப்சூல் டப்பா மேல "பசி ஹார்மோன கட்டுப்படுத்தும்"னு அச்சடிச்சிருக்குறத பாத்தா தம்பி, அந்த கட்டுப்பாடு எங்கேர்ந்து வருதுன்னு இப்ப உனக்கே தெரியும்.